உறைமண்

அத்தியப்பன் அன்று மடத்துக்கு வந்தபோது கையில் ஒரு ஹார்லிக்ஸ் புட்டி இருந்தது. புட்டிக்குள் கறுப்பு மண். மண்ணுக்கு மேலே இரண்டு விரல் உயரத்துக்கு எண்ணெய் நின்றது.

மடம் சங்ககிரி போகும் சாலையில், ஒரு பாறையை ஒட்டி இருந்தது. தினமும் மதியம் அங்கே சோறு போடுவார்கள். லாரிக்காரர்கள்தான் அதிகம் வருவார்கள். மடத்துச் சாமிக்கு நாற்பத்திரண்டு வயது. காவி கட்டுவதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் லாரியில் கிளீனராக இருந்தவர். ஊரில் கிளீனர் சாமி என்றே சொல்வார்கள். அவரும் கோபித்துக்கொண்டதில்லை.

அத்தியப்பனுக்கு அறுபத்தாறு. வயதில் சின்னவரைக் குருவாக வைத்துக்கொண்டதற்கு ஊரில் சிலர் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்பது அவருக்கு நினைவிருந்தது.

சாமி பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தார்.

“வாங்கய்யா. அது என்ன புட்டி?”

“சாட்சிங்க சாமி.”

அத்தியப்பன் உட்கார்ந்தார். புட்டியை இருவருக்கும் நடுவில் வைத்தார்.

“ஒரு மனுசன் தப்புப் பண்ணிட்டான். எட்டு வருசம் ஆச்சு. தப்புத்தான்னு ஒரு வார்த்தை அவன் வாயில இன்னும் வரலை. அவனை நான் என்ன பண்ணட்டும்ங்க?”

சாமிக்கு விஷயம் தெரியும். அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அத்தியப்பன் சொல்லாத ஆள் இல்லை.

அவருக்கு ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக மேட்டு நிலம் இருந்தது. அந்தப் பக்கம் அதைக் காடு என்பார்கள். சம்பங்கி போட்டிருந்தார். கீழ்ப்பக்கம் கிணறு. மேல்பக்கம் வேலி. வேலிக்கு அப்பால் லாரி ஷெட். ஷெட் அவர் மனைவி பாவாயியின் தம்பி குழந்தைவேலுடையது. லாரிகளில் இருந்து இறக்கிய பழைய எஞ்சின் ஆயிலைக் குழந்தைவேல் ஒரு மண் குழியில் ஊற்றி வைப்பான். எட்டு வருஷத்துக்கு முன், ஐப்பசி மழையில் குழியின் கரை உடைந்தது. இருந்த ஆயில் அத்தனையும் அத்தியப்பன் காட்டில் இறங்கியது. பத்து சென்ட் சம்பங்கி ஒரு வாரத்தில் கருகியது.

அத்தியப்பன் போய்க் கேட்டார்.

“மழை பேஞ்சதுக்கு நான் என்ன பண்றது மாமா?” என்றான் குழந்தைவேல்.

அந்த வாக்கியத்தை அத்தியப்பன் அதற்குப் பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டார். ஒவ்வொரு முறையும் குழந்தைவேல் குரலிலேயே சொல்வார். மச்சினனின் பெயரை மட்டும் சொல்வதில்லை.

அந்த மாதமே வேலி நெடுக ஆள் உயரத்துக்கு மேல் தகரம் அடித்தார். கறுத்த இடத்தை உழவில்லை, கொத்தவில்லை. அதில் ஒரு பிடியைத் தேங்கி நின்ற எண்ணெயோடு அள்ளிப் புட்டியில் போட்டு மூடினார். வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள்கூட அந்தப் பத்து சென்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிக்க முடியும்.

கோபம் நியாயமானது. இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் அதை மறந்துவிடக் கூடாது.

சாமி பூசணி விதைகளை வழித்து ஒரு தட்டில் போட்டார்.

“கெணத்துக்கு இன்னும் எத்தனை அடி இருக்குதுங்க?”

“நான் கேட்டது அவனைப் பத்திங்க.”

“எத்தனை அடிங்க?”

“ஆறு.”

“போன வருசம்?”

“பத்து.”

மழைக்கு மழை அந்தக் கறுப்பு சரிவில் நகர்ந்துகொண்டிருந்தது. கிணற்றில் எண்ணெய் இறங்கினால் மிச்சமிருக்கும் சம்பங்கி போகும். குடிக்கிற தண்ணீரும் போகும்.

“இப்ப தை. ஐப்பசிக்கு ஒம்பது மாசம் இருக்குது,” என்றார் சாமி. “நல்ல மழையா பேஞ்சா இந்த வருசமே எறங்கிடும்.”

அவர் எழுந்தார். அத்தியப்பனைப் பந்திக்கூடத்துக்குப் பின்னால் அழைத்துப் போனார். அங்கே காய்கறித் தோலும், மீந்த சோறும், சாப்பிட்ட இலைகளும் குவிந்து கிடந்தன. ஒரு கூடையை எடுத்து நீட்டினார்.

“இதை எடுத்துக்கிட்டுப் போங்க. ஊறுகாயும் மோர் மொளகாயும் இருந்தா ஒதுக்கிடுங்க. உப்பு ஆகாது.”

“எச்சில் எலைங்களா?”

“ஆமாங்க.”

“நான் நியாயம் கேட்டு வந்தேன் சாமி. நீங்க எலை பொறுக்கச் சொல்றீங்க.”

“கெணத்துக்கு ஆறு அடிதானுங்க இருக்குது.”

அத்தியப்பன் கூடையை வாங்கவில்லை. சாமி அதைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார்.

“நான் கிளீனரா இருந்தப்ப ஒரு ஷெட்டுல ரெண்டு வருசம் கெடந்தேனுங்க. எங்க பாத்தாலும் ஆயில்தான். தரையெல்லாம் கறுப்பு. ஒரு எடத்துல மட்டும் அருகம்புல்லு இருக்கும். சாப்பிட்ட தட்டை நாங்க அங்கதான் கழுவுவோம். ஆயில் கையையும் அங்கதான் கழுவுவோம்.”

“அதுக்கு?”

“எண்ணெயத் திங்கற உயிரு மண்ணுக்குள்ள இருக்குதுங்க. கண்ணுக்குத் தெரியாது. ஆனா வெறும் எண்ணெயை மட்டும் அதால திங்க முடியாது. சோறு வேணும், காத்து வேணும், ஈரம் வேணும். உங்களுக்கு எலையில வெறும் கொழம்பை மட்டும் ஊத்தினா நீங்க திம்பீங்களா?”

“எந்த ஷெட்டுங்க அது?” என்று கேட்டார் அத்தியப்பன்.

சாமி கூடையை மறுபடியும் நீட்டினார். இந்த முறை அத்தியப்பன் வாங்கிக்கொண்டார்.

“புட்டியை இங்கயே வெச்சுட்டுப் போங்க,” என்றார் சாமி. “பத்திரமா இருக்கும்.”

“தெறக்க மாட்டீங்களே?”

“தெறக்க மாட்டேன்.”

சாமி அதை அடுக்களை அலமாரியில், உப்புச் சாடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

*

அத்தியப்பன் தினமும் மதியம் பந்தி முடிந்ததும் வந்தார். மொபெட்டின் பின்னால் இரண்டு கூடைகளைக் கட்டிக்கொண்டு போனார். இலை, சோறு, தோல், கடலைத் தொலி, சாணம் எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் போட்டுக் காட்டில் ஒரு குவியல் எழுப்பினார்.

பாவாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“எட்டு வருசமா எண்ணெ நாத்தம். இப்ப எச்சில் நாத்தமும் சேந்துக்கிச்சு. நல்ல குருவைப் புடிச்சீங்க.”

“வாயை மூடு.”

“மூடறேன். கெணத்துல எண்ணெ மெதந்துச்சுன்னா கொடத்தைத் தூக்கிக்கிட்டு எந்தம்பி வீட்டுக்குத்தான் தண்ணிக்குப் போவேன். அப்ப என்னை ஒண்ணும் கேக்கப்படாது.”

அத்தியப்பன் ஒரு தார்ப்பாய் வாங்கிக் குவியலின் மேல் போர்த்தினார். சுற்றிலும் கல் வைத்து இறுக்கினார். மாசி முடியும்போது பாயைத் தூக்கிப் பார்த்தார். குவியல் கொழகொழவென்று அழுகியிருந்தது. புழு நெளிந்தது. நாற்றத்தில் அவருக்கே குமட்டியது.

சாமியிடம் போய், “ஏமாந்துட்டேனுங்க,” என்றார்.

“மூடினீங்களா?”

“ஆமாங்க.”

“எதுக்குங்க?”

“நாத்தம் வேலிக்கு அந்தப் பக்கம் போகும்ங்க. நான் எச்சில் எலை சொமக்கறது அவனுக்குத் தெரியும். அவன் சிரிப்பான்.”

“காத்து வேணும்னு சொன்னேன்.”

“சொன்னீங்க.”

“அவன் சிரிச்சா மண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. மூடினா ஆகும்.”

அத்தியப்பன் திரும்பிப் போய்த் தார்ப்பாயை உருவினார். தொலியும் சருகும் கூடப் போட்டுக் குவியலைப் புரட்டினார். மூன்று நாளைக்கு ஒரு முறை புரட்டினார். இரண்டாவது வாரம் குவியலுக்குள் கையை விட்டபோது அடுப்பாங்கல் போலச் சுட்டது. பங்குனிக் கடைசியில் சூடு தணிந்தது. கையில் அள்ளினால் மழை விழுந்த மண் போல வாசம் வந்தது.

அதைப் பத்து சென்ட்டிலும் பரப்பிக் கறுப்பு மண்ணோடு சேர்த்துக் கொத்தினார். ஈரம் எவ்வளவு வேண்டும் என்று சாமி சொல்லியிருந்தார். புட்டுக்கு மாவு பிசைகிற பதம். பிடித்தால் நிற்க வேண்டும், தொட்டால் உதிர வேண்டும். எட்டு வருஷமாகக் கொத்தாத மண் தார் போல இறுகியிருந்தது. அவர் உள்ளங்கை இரண்டும் உரிந்தன. கொத்தும்போதெல்லாம் அந்த வாக்கியம் அவர் வாயில் வந்தது. மழை பேஞ்சதுக்கு நான் என்ன பண்றது மாமா.

சித்திரை போனது. வைகாசியும் போனது. மடத்து இலைகளும் காட்டுக்கு வந்துகொண்டே இருந்தன.

வாரா வாரம் அந்த மண்ணில் ஒரு பிடியை டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். மேலே நீலமும் சிவப்புமாகப் படலம் மிதக்கும். போன வாரம் போலவே மிதக்கும்.

*

ஆனி மாதம் முதல் வெள்ளிக்கிழமை டம்ளரையே மடத்துக்குக் கொண்டு வந்து வைத்தார்.

“பாருங்க சாமி. அஞ்சு மாசம் சொமந்திருக்கறேன். அப்படியேதான் இருக்குது.”

சாமி டம்ளரைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு சொம்பு பாலோடு வந்தார். அதை டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இது காலையில காச்சின பாலுங்க. ஆறிப்போச்சு. பொழுது சாயற நேரமாகியும் தயிராகலை. ஏனுங்க?”

“உறை ஊத்தலை.”

“உறை இல்லைன்னா என்ன பண்ணுவாங்க?”

“பக்கத்து வீட்டுல வாங்குவாங்க.”

“எந்தப் பக்கத்து வீட்டுல?”

“தயிர் இருக்கற வீட்டுல.”

சாமி டம்ளரைச் சொம்போடு ஒட்டி வைத்தார்.

அத்தியப்பனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு முகம் மாறியது.

“அந்தப் புல்லு மொளைச்ச ஷெட்டு...”

“உங்க மச்சினன் ஷெட்டுதானுங்க. இப்பவும் அந்தப் புல்லு இருக்குது. உங்க காட்டுல ஒரே நாள்ல கொட்டிருச்சு, மண்ணு செத்துப்போச்சு. அங்க இருவது வருசமா சொட்டுச் சொட்டா விழுந்திருக்குது. அந்த மண்ணுக்குத் திங்கப் பழகிப்போச்சு. நாப்பது கூடை வேணும்.”

“அவங்கிட்ட நான் கேக்கணுமா?”

“உறை வேணும்னா கேக்கணும்.”

“உலகத்துல வேற ஷெட்டே இல்லீங்களா?”

“இருக்கும். பாருங்க.”

அத்தியப்பன் பார்த்தார். மொபெட்டில் சங்ககிரி போனார், திருச்செங்கோடு போனார். ஒன்பது ஷெட்டுகளில் ஏறி இறங்கினார். எல்லாம் சிமென்ட் தரை. பழைய ஆயிலை டிரம்மில் பிடித்து வைத்திருந்தார்கள். ஒரு ஷெட்காரர், “மண்ணுங்களா? லாரிக்கு டயர் கேப்பாங்க, டிங்கரிங் கேப்பாங்க. மண்ணு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான் பெரியவரே,” என்றார்.

மறுநாள் மத்தியானம், ஷெட்டில் சாப்பாட்டு நேரம் பார்த்து, அத்தியப்பன் வேலித் தகரத்தின் அடியில் ஒரு பொந்து தோண்டினார். குப்புறப் படுத்துக் கையை விட்டு அந்தப் பக்கத்து மண்ணை அள்ளினார். ஒரு கூடை நிரம்பியது. அதை மடத்துக்குக் கொண்டு வந்தார்.

சாமி மண்ணை முகர்ந்து பார்த்தார். அதில் ஒரு புல் வேர் இருந்தது.

“நல்ல உறைங்க. கேட்டு வாங்கினீங்களா?”

“இல்லீங்க.”

“சரி.”

“சரியா? திருடின உறையில தயிர் உறையுமுங்களா?”

“உறையும்ங்க. அதுக்கு யாரு ஊத்துனதுன்னு என்ன தெரியும்?”

அத்தியப்பன் முகத்தில் சந்தோஷம் வந்தது.

“ஆனா இன்னும் முப்பத்தொம்பது கூடை வேணுமுங்க,” என்றார் சாமி. “அறுபத்தாறு வயசுல எத்தனை நாளைக்குக் குப்புறப் படுப்பீங்க?”

*

அடுத்த நாள் காலையில் அத்தியப்பன் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டார். வேலி நெடுக நடந்து, சாலைக்குப் போய், ஷெட்டின் முன்வாசல் வழியாக உள்ளே போனார். எட்டு வருஷத்தில் முதல் தடவை.

குழந்தைவேல் ஒரு லாரியின் அடியில் படுத்திருந்தான். வேட்டியைப் பார்த்து வெளியே வந்தான். தலை பாதி நரைத்திருந்தது. அத்தியப்பன் அதை எதிர்பார்க்கவில்லை.

“வாங்க மாமா,” என்றான். ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். “அக்காவுக்கு ஏதாச்சுமா?”

“அவளுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கறா.”

அத்தியப்பன் உட்காரவில்லை. ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். குழி இருந்த இடத்தில் குழி இல்லை. அங்கே சிமென்ட் மேடை இருந்தது. மேடை மேல் மூடி போட்ட டிரம்கள் நின்றன. சிமென்ட் வெடித்துப் பழையதாகியிருந்தது.

“எப்ப மூடினே?”

“அந்த வருசமே கார்த்திகையில மூடிட்டேன் மாமா. தகரம் அடிச்சுட்டீங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அத்தியப்பன் புல் இருந்த பக்கம் திரும்பினார்.

“எனக்குக் கொஞ்சம் மண்ணு வேணும்.”

“எந்த மண்ணு?”

“இதுதான். அந்தப் புல்லு இருக்கற எடத்துல. நாப்பது கூடை.” பொந்து வழியாக அள்ளியதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

குழந்தைவேல் அவரையே பார்த்தான். பிறகு பக்கத்தில் இருந்த மெக்கானிக்கைப் பார்த்தான். மறுபடியும் அவரைப் பார்த்தான்.

“மாமா, எண்ணெ மண்ணு உங்க காட்டுக்குள்ள வந்துருச்சுன்னு எட்டு வருசமா ஊரெல்லாம் சொல்றீங்க. இப்ப இன்னும் நாப்பது கூடை கேக்கறீங்க.”

“கொடுக்க முடியுமா, முடியாதா?”

“கொடுக்கறேன். இதையும் புட்டியில போட்டு வெப்பீங்களா?”

மெக்கானிக் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். அத்தியப்பன் அவன் முகத்தையும் பார்த்து வைத்துக்கொண்டார். பிறகு, எதற்கு என்று சொன்னார். பாலும் உறையும் சொன்னார். குழந்தைவேல் சிரிக்காமல் கேட்டான்.

“சாலை வழியாச் சுத்திக்கிட்டுப் போனா பொழுது போயிரும்,” என்றான். ஸ்பேனரோடு போய் வேலியில் இரண்டு தகரத்தின் போல்ட்டுகளைக் கழற்றினான்.

நாற்பது கூடையில் முப்பத்தொன்றைக் குழந்தைவேல் சுமந்தான். ஒன்பதை அத்தியப்பன் சுமந்தார். இருவரும் மண்ணைப் பற்றி மட்டும் பேசினார்கள். எங்கே கொட்டுவது, எவ்வளவு தண்ணீர், எத்தனை நாளைக்கு ஒரு முறை கிளறுவது. மத்தியானம் பாவாயி இரண்டு பேருக்கும் மோர் கொண்டு வந்தாள். தம்பியின் தலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கழற்றிய தகரத்தை யாரும் திரும்ப மாட்டவில்லை. மறுநாளில் இருந்து அந்தச் சந்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி நின்றது. ஷெட் ஆட்கள் சாப்பிட்ட மிச்சம் அதில் இருந்தது. ஊறுகாயையும் உப்புக்கண்டத்தையும் தனியாக எடுத்துவிட்டிருந்தார்கள்.

*

ஆடியில் டம்ளரில் படலம் உடைந்தது. ஆவணியில் ஓரத்தில் மட்டும் கோடு போல நின்றது. புரட்டாசியில், வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால்தான் தெரிந்தது.

அத்தியப்பன் நூறு தட்டைப்பயறு எண்ணி ஊன்றினார். அறுபத்தெட்டு முளைத்தன. ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். சாமியிடம் வந்து அந்த எண்ணிக்கையை இரண்டு தடவை சொன்னார்.

“பயறு காச்சா பறிச்சுத் திங்காதீங்க,” என்றார் சாமி. “ரெண்டு வருசத்துக்குத் திங்கற பயிரு வேண்டாம். அப்புறம் பாக்கலாம்.”

“சரிங்க.”

“கெணத்துப் பக்கம் எப்படி?”

அத்தியப்பன் கூடைகளை எடுத்துக்கொண்டு மொபெட்டுக்குப் போனார்.

ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள் வானம் மூடியது. சாமி மத்தியானப் பந்தியை முடித்துவிட்டு அத்தியப்பன் காட்டுக்கு நடந்து வந்தார். கையில் மஞ்சள் பை ஒன்று இருந்தது.

பத்து சென்ட்டும் பழுப்பாக இருந்தது. தட்டைப்பயறு முழங்கால் உயரத்துக்கு நின்றது. சாமி வரப்பிலேயே நடந்து கிணற்றுப் பக்கம் போனார். அங்கே நின்றார்.

கிணற்றுக்கு ஆறு அடி மேலே, ஒரு கட்டில் அகலத்துக்கு, மண் கறுப்பாக இருந்தது. அதில் யாரும் கொத்தவில்லை. எதுவும் போடவில்லை. நாலு மூலையிலும் குச்சி ஊன்றிக் கயிறு கட்டியிருந்தது.

“இது என்னங்கய்யா?”

“இது இருக்கட்டும்ங்க.”

“கெணத்துக்கு நேரா இருக்குதே.”

“தெரியும்ங்க. கறுப்பு கடைசியா வந்து நின்ன எடம் இதுதான். அதனாலதான் இதை விட்டேன்.”

மேற்கே இடி உருண்டது. வேலிச் சந்தில் குழந்தைவேல் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனான்.

அத்தியப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நாப்பது கூடையில முப்பத்தொண்ணு அவன் சொமந்தான். நான் இல்லைன்னு சொல்லலை. தெனமும் வாளி வெக்கறான். அதையும் இல்லைன்னு சொல்லலை. அந்த ஒரு வார்த்தை மட்டும் அவன் இன்னும் சொல்லலீங்க.”

“சொல்லலை.”

“இனிமேலும் சொல்ல மாட்டான்.”

“சொல்ல மாட்டான்னுதான் எனக்கும் தோணுது.”

“அப்புறம்? இதையும் கொத்திப் போட்டுட்டா, நாளைக்கு ஒருத்தன் வந்து, உங்க காடு நல்லாத்தான இருக்குது, உங்க மச்சினன் என்ன கெடுத்தான்னு கேப்பான். நான் எதைக் காட்டுவேன் சாமி?”

சாமி மஞ்சள் பையில் கையை விட்டு ஹார்லிக்ஸ் புட்டியை எடுத்தார். அத்தியப்பன் கையில் கொடுத்தார்.

“இதைக் காட்டுங்க.”

அத்தியப்பன் புட்டியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். உள்ளே மண் கறுப்பாக இருந்தது. மேலே எண்ணெய் இரண்டு விரல் உயரத்துக்கு நின்றது. ஆட்டிப் பார்த்தார். மெதுவாக அசைந்து பழைய இடத்துக்கே வந்தது. அவர் திரும்பிப் பயிரைப் பார்த்தார். மறுபடியும் புட்டியைப் பார்த்தார்.

“ரெண்டும் ஒரே மண்ணுதானுங்க,” என்றார்.

“ஆமாங்க.”

“அன்னிக்கு ஒரே நேரத்துல கறுத்ததுங்க. அது என்னமோ மாறிப்போச்சு. இது மட்டும் எப்படிங்க எட்டு வருசமா அப்படியே இருக்குது?”

முதல் துளி கயிற்றின் மேல் விழுந்தது.

“மூடியை நல்லா இறுக்கித் திருகியிருக்கறீங்க,” என்றார் சாமி.

அத்தியப்பன் புட்டியைக் கிணற்று மேட்டில் வைத்தார். பிறகு குனிந்து, முதல் மூலையில் இருந்த குச்சியைப் பிடுங்கினார்.